சாயிபு விற்ற பாட்டன்மார்

எங்கள் பக்கத்தில் பழம்பெருமை உள்ள வீடுகள் என்று பத்தைச் சொன்னால், அதில் ஏழு வீட்டின் பெருமை கோட்டாற்றுச் சாயிபு கடையில் வாங்கியது. மீதி மூன்று வீட்டுக்காரர்கள் வாங்கியதை வெளியே சொல்லவில்லை.

இதைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த நான், எட்டு வருஷம் சாயங்காலந்தோறும் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஓசிச் சாயா குடித்தவன். எந்த வீட்டு வாளுக்கு எந்த வாரம் துரு ஏறியது என்று எனக்குத் தெரியும். சாயிபுக்குப் பெயர் உண்டு, எழுதப்போவதில்லை. கோட்டாற்றில் எத்தனை சாயிபு இருந்தாலும் 'சாயிபு கடை' என்றால் அது ஒன்றுதான்.

பாக்கு மண்டிக்கும் ஜவுளிக் கடைக்கும் நடுவில், குகை மாதிரி நீளமாக உள்ளே போகிற பழைய சாமான் கடை. மூன்று கால் நாற்காலி, நாக்கில்லாத மணி, ஓடாத சுவர்க் கடிகாரம், பிடி போன வாள், சாவியில்லாத பெட்டி, பெட்டியில்லாத சாவிக்கொத்து. உருப்படியாக ஒரு சாமான் வந்து சேர்ந்தால் அதை மூலையில் தள்ளிவைப்பார். "முழுசா இருந்தா பழசுன்னு எவன் வே நம்புவான்?" என்பார். மருதாணிச் சிவப்பேறிய தாடி, வெள்ளைத் துணித்தொப்பி, தோளில் ஒரு துண்டு. ஆள் பார்க்க வெகு சாது. பொய்யர்கள் வேறு எப்படி இருப்பார்கள்?

சாமானைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அவர் சாமானைப் பார்க்கமாட்டார். கேட்டவர் முகத்தைப் பார்ப்பார், நிதானமாக, வைத்தியன் நாக்கைப் பார்ப்பதுபோல. பிறகு தோள் துண்டால் சாமானை ஒரு துடை. ஒரு பெருமூச்சு. அப்புறம் மேற்கே, குளச்சல் கடற்கரை இருக்கிற திசையில் ஒரு பார்வை. இவ்வளவும் நடந்து முடிந்தால் அந்தச் சாமானுக்கு ஒரு பாட்டன் பிறந்துவிட்டான் என்று அர்த்தம். பாட்டனை எங்கள் பக்கத்தில் அப்பூப்பன் என்போம்.

ஒருநாள் புதுக்கடைச் சந்தையில் கருப்பட்டி வியாபாரம் செய்து நாலு காசு பார்த்த ஒருவர் வந்து, பிடியில்லாத வாள் ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்க வாளு சாயிபே?"

சாயிபு அவர் முகத்தைப் பார்த்தார். துடைத்தார். பெருமூச்சு விட்டார். மேற்கே பார்த்தார். "ஒமக்க அப்பூப்பனுக்க அப்பூப்பன் ராசாவுக்க பட்டாளத்திலயா இருந்தாரு?"

"அப்பூப்பனுக்க அப்பூப்பனா? எனக்கு அப்பனுக்க அப்பனயே சரியாட்டுத் தெரியாதே."

"தெரியாதுன்னா இருந்திருப்பாரு."

அவ்வளவுதான். கருப்பட்டிக்காரர் அந்த வாளைக் கோடித்துணியில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்து நான் புதுக்கடைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அவருடைய முன்னோர் குளச்சல் சண்டையில் டச்சுக்காரர்களின் தலையை வெட்டிய கதையை எனக்கே சொன்னார். மொத்தம் பதினேழு தலை. சாயிபு தலை எதையும் விற்கவில்லை, அது அவராகச் சேர்த்துக்கொண்டது.

"சாயிபே, அஞ்சு நேரம் தொழுதீரு. நடுவுல இப்பிடிப் பச்சப் பொய்யா அவுத்து விடுதீரே, அடுக்குமா?" என்று கேட்டேன்.

"நான் எங்க வே சொன்னேன்? கேள்விதான கேட்டேன்? பதிலு அவருல்லா சொன்னாரு?" சாயாவை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, மொகம் வாசிக்கத் தெரியும். அப்பூப்பன் இல்லாத மனுசன் பாவம் வே. ஒருத்தனும் எங்கடைக்கு வந்து வெறுங்கையாட்டுப் போகப்படாது."

சாமானுக்கு வயது ஏற்றுகிற இடம் தேங்காப்பட்டணத்தில் இருந்தது. அவருடைய மச்சானுக்கு அங்கே ஆற்றோரத்தில், கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு ஊறப்போடுகிற சகதிக் குழி ஒன்று உண்டு. நாற்றம் அரை மைலுக்கு வரும். புதிதாக வார்த்த வெண்கலத்தில் புளியும் உப்பும் அரக்கித் தேய்த்து அந்தச் சகதியில் நாற்பது நாள் புதைத்து வைத்தால் இருநூறு வருஷம். எண்பது நாள் என்றால் சேரமான் காலம். மழைக்காலமானால் பத்து நாள் கூட வேண்டும் என்று மச்சான் சொல்வார். ராஜவம்சங்கள் எல்லாம் இப்படித்தான் உண்டாகின என்று எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம்.

அதற்காக அவரை வெறும் புரட்டன் என்று நினைத்துவிடக் கூடாது. சகோதரி பிள்ளைகளுக்குச் சொத்து போகிற மருமக்கள் வழிக் குடும்பங்கள் பாகம் பிரிந்துகொண்டிருந்த காலம் அது. நூறு பேர் உண்ட வீட்டில் ஆளுக்கொரு திசையாகப் போய் நாலு பேர் மிஞ்சுவார்கள். நூறு பேருக்குச் சோறு வடித்த பெரிய வார்ப்பும் மிஞ்சும். விற்றால் அரிசி வாங்கலாம். ஆனால் வீட்டுப் பாத்திரத்தை விற்கிறோம் என்று தெரிந்தால் மானம் போய்விடும். பட்டினி கிடக்கலாம், மானம் போகலாமா? நாஞ்சில் நாட்டில் வயிற்றைவிட வாசலுக்கு மதிப்பு அதிகம்.

சாயிபு என்ன செய்வார் தெரியுமா? பட்டப்பகலில் வண்டி கட்டிக்கொண்டு நேரே முன்வாசலுக்குப் போய், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பெரியவரே! எம்மவளுக்கு நிக்காஹு வச்சிருக்கேன். ஒங்க வார்ப்பு இல்லாம கோட்டாத்துல நெய்ச்சோறு வேகுமா? ரெண்டு நாளத்தக்கு எரவல் தரணும்!" என்று கெஞ்சுவார். பெரியவர் தலையை ஆட்டி, "எங்க வார்ப்ப வெளிய குடுக்கது வழக்கமில்ல பாத்துக்கிடும். நீரு கேக்கதுனால தாறேன்" என்று பிகு பண்ணிக்கொண்டு கொடுப்பார். பணம் வெற்றிலைப் பொதிக்குள் அடுக்களைப் பக்கமாகப் போய்ச் சேர்ந்துவிடும். இரவல் போன வார்ப்பு திரும்பி வராது. ஏன் வரவில்லை என்று ஒரு பயலும் கேட்டதில்லை. சாயிபுக்கு ஒரே மகள். நான் அறிய அவளுக்கு முப்பது தடவை நிக்காஹ் ஆகியிருக்கிறது. அந்தப் பெண் என்னவோ ஒரே மாப்பிள்ளையோடு சுகமாகக் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

ஊர் அவர்மேல் உயிரை வைத்திருந்தது இதனால்தான். எனக்கும் அவரை அவ்வளவு பிடிக்கும். சொந்தத் தகப்பனாரிடம் பேசாத பேச்செல்லாம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் பேசியிருக்கிறேன்.

ஓசிச் சாயா என்றேனே, முழு ஓசி இல்லை. மலைத்தோட்டத்துத் துரைமார் திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மோட்டாரில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். சாமானோடு கட்டித் தொங்கவிட இங்கிலீஷில் சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான்தான். பாளையக்காரன் விசிறி, டச்சுத் தளபதி மூக்குப்பொடி டப்பா, தளவாய் உட்கார்ந்த முக்காலி. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறவனுக்கு இந்த வேலையில் எத்தனை குஷி என்று வாத்தியார்களுக்குத்தான் தெரியும்.

ஒருமுறை எங்கள் மிஷன் துரைசானியே கடைக்கு வந்துவிட்டாள். அலமாரியில் இருந்த ஒரு பித்தளைக் கோளாம்பியைக் கையில் எடுத்து, பூ வைக்கிற சாடியா என்று கேட்டாள். வெற்றிலை போட்டு எச்சில் துப்புகிற பாத்திரம் அது. வாய் அகலமாக, இடை சிறுத்து, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். நான் சாயிபைப் பார்த்தேன். சாயிபு துரைசானி முகத்தைப் பார்த்தார்.

"அவியளுக்கு அப்பிடித் தோணுதுன்னா அப்பிடித்தான் வே. எழுதும்."

'வேணாட்டு ராணியின் பூச்சாடி' என்று நான் எழுதினேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அது கோவிலில் திருமேசையின் மேல் ஏறிவிட்டது, நிறைய சாமந்திப் பூவோடு. முந்நூறு பேர் சபையில் இருந்தோம். அது என்ன பாத்திரம் என்று தெரியாத ஒரே ஆள் துரைசானிதான். பாஸ்டர் அன்றைக்குக் கண்ணை மூடிச் செய்த ஜெபம் போல நீளமான ஜெபம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கண்ணைத் திறந்தால் கோளாம்பி அல்லவா நிற்கும்? யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சம்பளக் கவர் அவள் கையிலிருந்து வருகிறது. ஆறு வருஷம் அது திருமேசையிலேயே இருந்தது.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. செப்புப் பட்டயம் வரும்வரை.

நெல் வியாபாரத்தில் முன்னுக்கு வந்த ஒரு காரணவர், அதாவது குடும்பத்துக்கு மூத்தவர், எங்கள் ஊரில் இருந்தார். சுயமாகச் சம்பாதித்து நாலுகட்டு வீடு கட்டினார். பாதிச் சுவர் எழும்பி மேற்கூரைக்குப் பணமில்லாமல் நின்றபோது, அவர் பெஞ்சாதி தன் காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றி விற்கக் கொடுத்தாள். அதன்பிறகு அந்தம்மாவின் வெறுங்காது தோள்வரை தொங்கிக்கொண்டிருந்தது. வீடு நன்றாக எழும்பிற்று. ஆனால் புது வீடு. அதுதான் காரணவருக்குக் குறை. புதுப்பணக்காரன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே!

"சாயிபே, நம்ம வீட்டுக்கு ஏதாம் பண்ணணும்" என்று வந்து உட்கார்ந்தார்.

சாயிபு முகத்தைப் பார்த்தார். வாளில் அடங்குகிற ஆசையாக அது இல்லை. "ராசா குடுத்த மண்ணாட்டு இருந்தா கொள்ளாம், இல்லியா?" என்றார். காரணவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

பட்டயத்தின் வாசகத்தை எழுதியவன் நான். பழைய ராஜா எப்படிப் பேசுவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த கம்பீரமான தமிழ் பிரசங்கத் தமிழ் ஒன்றுதான். 'இதோ' என்று ஆரம்பித்து, 'ஆகையால்', 'மெய்யாகவே' எல்லாம் தூவி, ராஜாவைப் புல்பிட்டில் ஏற்றி நிறுத்திவிட்டேன். பூர்வீக மண்ணும் அதில் உள்ள மனையும் இன்ன குடும்பத்து மூத்தவனுக்குக் கொடுக்கப்பட்டது என்று முடித்து வாசித்துக் காட்டினேன். சாயிபுக்குப் பிடித்தது. எனக்குத்தான் ஏதோ உப்புக் குறைகிற மாதிரி இருந்தது. 'அவன் மருமக்களுக்கும் அவர்கள் மருமக்களுக்கும்' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்தக் காலத்துப் பட்டயம் என்றால் மருமக்கள் வழி வராமல் இருக்குமா? அப்படி ஒரு நுணுக்கம் எனக்கு. ஒரு கன்னான் செம்புத் தகட்டில் அதை வெட்டினான். மச்சான் குழியில் அறுபது நாள் கிடந்தது.

பட்டயம் நடுக்கூடத்தில் தொங்கியது. ஊர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனது. கும்பிடாத ஒரே ஆள் அந்தம்மா. "ஓட்டுக்குப் பணம் இல்லாம நான் காத அறுத்துக் குடுத்தேன். இந்த ராசா அப்பம் எங்க போயிருந்தாரு?" என்று வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டே கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். காரணவரும் சிரிப்பார்.

காரணவர் ஒருநாள் களத்துமேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் பழைய வழக்கப்படி ஆண் செத்தால் சொத்து அவன் சகோதரியின் மகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைக்கும் பெஞ்சாதிக்கும் உகந்துடைமை என்று கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பார்கள். அப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. அவன் தானாகச் சம்பாதித்தது என்றால் அதில் பெஞ்சாதி பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அந்தம்மா வீடு தங்கள் சம்பாத்தியம் என்றாள். சகோதரி மகனான மருமகன் நேரே நடுக்கூடத்துக்குப் போனான். ஆணியில் தொங்கிய பட்டயத்தைக் கழற்றி, வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். ராஜா கொடுத்த குடும்பச் சொத்து, மருமக்களுக்கு என்று எழுதியே இருக்கிறது, அப்புறம் என்ன பங்கு?

அவள் கடைக்கு வந்தது ஒரு சாயங்காலம். நான் பெஞ்சில் இருந்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சாயிபே, நீரு உண்டாக்குன ராசா என்னயும் ரெண்டு கொமரயும் தெருவுல எறக்கப் போறாரு. ஒரு வார்த்த அவருகிட்ட சொல்லி வையும்" என்றாள். கோபமாகக்கூட இல்லை. மோர் கொடுக்கும்போது பேசுவாளே, அதே குரல்.

சாயிபு தோளிலிருந்து துண்டை எடுத்தார், துடைக்க ஒன்றும் இல்லை. மேற்கே பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "நான் கோர்ட்டுல வந்து சொல்லுதேன் அம்மா. நான் செஞ்சதுன்னு சொல்லுதேன்" என்றார்.

அவள் போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, "எம்பேரு வராதே சாயிபே?" என்பது. அந்தம்மாவைப் பற்றி இல்லை, பெண்பிள்ளைகளைப் பற்றி இல்லை. கள்ளப் பட்டயம் எழுதியவன் என்று தெரிந்தால் துரைசானி மறுநாளே என்னை நிறுத்திவிடுவாள், எனக்கு நாலு பிள்ளைகள். சாமான் வாங்க வந்தவனைப் பார்க்கிற மாதிரியே சாயிபு என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"வராது வே."

கோர்ட்டில் குர்ஆன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு, தன் ஆயுளில் முதல்முறையாக, கூட்டத்தின் முன்னால் சாயிபு உண்மை பேசினார். பட்டயம் தன் கடைச் சரக்கு, தொண்டு அழுகுகிற சகதியில் அறுபது நாள் கிடந்தது, தான் விற்ற எதற்கும் பத்து வயதுகூட ஆகவில்லை. கோர்ட்டே சிரித்தது. சாயிபு வேடிக்கைக்காரர் அல்லவா! மருமகனின் வக்கீல் மட்டும் சிரிக்காமல் எழுந்தார்.

"உமக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியாது எசமானே."

"அப்படியானால் இந்த வாசகத்தை எழுதியது யார்?"

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாயிபு ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு பெயர் போதும், வழக்கு அங்கேயே முடிந்துவிடும். எழுதியவனைக் கூண்டில் ஏற்றி எழுதச் சொன்னால், 'இதோ' என்று அதே ராஜா பேனாவிலிருந்து இறங்கி வந்துவிடுவான்.

"எழுதுனவரு மௌத்தாயிட்டாரு எசமானே. செத்துப் போயிட்டாரு" என்றார்.

வெட்டிய கன்னான் கொழும்புக்குப் போய்விட்டிருந்தான். குழிக்காரரைக் கூப்பிடலாமென்றால், மச்சானுக்கு மச்சான் சாட்சியா என்று அந்தம்மாவின் வக்கீல் கையை விரித்தார்.

அடுத்த வாய்தாவில் ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசையாக வந்தார்கள். சாயிபு மேல் அவர்களுக்கு அப்படி ஒரு பாசம்! பட்டயம் பொய் என்றால் நாளைக்கு எங்கள் வீட்டு விளக்கு என்ன, வாள் என்ன, முக்காலி என்ன? புதுக்கடைக்காரர் பதினேழு தலையின் மேலும் ஆணையிட்டு, சாயிபு கடைச் சரக்கில் பொய்யே இருக்காது என்றார். ஒருவர், விதவைக்கு இரங்கி இந்தப் பழியைச் சாயிபு தன் தலையில் போட்டுக்கொள்கிறார், எப்பேர்ப்பட்ட மனசு என்று கண் கலங்கினார். துரைசானியும் தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதினாள். சாயிபிடம் தான் வாங்கிய ராணியின் பூச்சாடி இன்றும் தேவாலயத்தை அலங்கரிக்கிறது, அவர் நாணயமான வியாபாரி. அதைக் கோர்ட்டில் வாசித்துத் தமிழில் சொல்ல அவள் அனுப்பிய ஆள் யார்?

நான்தான். கடைசி பெஞ்சில் பதுங்கியிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன், தொண்டையைக் கனைத்தேன், தெளிவாக வாசித்தேன். அந்தம்மா பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் உச்சரிப்பு நன்றாயிருந்ததென்று முன்சீப் தலையாட்டினார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பட்டயம் அசல் என்று தீர்ப்பானது. இதன் வாசகத்தில் உள்ள கம்பீரம் இக்காலத்து மனிதர் எவருக்கும் கைவராதது என்று முன்சீப் எழுதியிருந்தார். அதைக் கேட்டபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சொல்வதுதான் சொல்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது இவ்வளவு தைரியமாக எழுதுகிறாயே என்று கேட்பீர்கள். துரைசானி செத்து, முன்சீப் செத்து, மருமகனும் செத்த பிறகு யாருக்குத்தான் தைரியம் வராது?

அந்தம்மா இரண்டு பெண்களோடு அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டிலை ஒட்டிய சாய்ப்பில் போய் இருந்தாள். போகும்போது அம்மியை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று மருமகனைக் கேட்டாளாம். ராஜா கொடுத்ததில் அதுவும் சேர்த்தி என்று சொல்லிவிட்டானாம்.

சாயிபு கடைக்கு என்றால் கூட்டம் இரட்டிப்பானது. கோர்ட்டே முத்திரை குத்திவிட்ட சரக்கு அல்லவா? "நேத்து வார்த்தது வே, சூடு ஆறல்ல" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வார். வாங்க வந்தவர்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த மனிதருக்கு அப்புறம் பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மை சொல்ல ஊர் விடவில்லை.

அந்தம்மா வீட்டை விட்டு இறங்கிய வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அந்தப் பக்கம் போனேன். சாமான்களை எல்லாம் சுவரோரம் ஒதுக்கி, கடைக்குள் நீளமாகப் பாய் விரித்து இலை போட்டிருந்தது. பள்ளிவாசல் நடையில் கையேந்துகிறவர்கள், மண்டியில் மூட்டை சுமக்கிற இரண்டு கிழவர்கள், கண் தெரியாத ஒருத்தி. சாயிபு கையாலேயே நெய்ச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். கடைசி இலை காலியாக இருந்தது.

"வாரும் வே வாத்தியாரே. இரியும்."

நல்ல பசி. உட்கார்ந்தேன். இறைச்சி ஆணம் ஊற்றினார், அள்ளி அள்ளித் தின்றேன். "என்ன விசேசம் சாயிபே, நேர்ச்சயா?"

"நேர்ச்ச இல்ல. சத்தியம் பண்ணிட்டு ஒரு பொய் சொன்னேன்லா? எங்க வழியில அதுக்குப் பத்து ஏழைக்குச் சோறு குடுத்துத் தீக்கணும்."

அள்ளிய சோற்றை இலையிலேயே வைத்தேன். "அது நடந்து மூணு மாசம் ஆச்சே" என்றேன்.

"தீர்ப்பு வாறதுக்குள்ள நீரா வந்து சொல்லிருவீருன்னு இருந்தேன் வே. கடுதாசிய எடுத்துக்கிட்டு முன்னால வந்து நின்னீரே, அப்பம்கூட நெனச்சேன், இன்னா சொல்லப் போறாருன்னு." குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

ஏதாவது பேச வேண்டுமே என்று பந்தியை எண்ணினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு தடவை எண்ணினேன்.

"ஒம்பது பேருதான இருக்கு சாயிபே. பத்துக்கு ஓராளு கொறயுதே?"

"கொறயல்ல வே" என்றார் சாயிபு, என் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோற்றைப் போட்டுக்கொண்டே. "ஒம்மையும் சேத்துத்தான் பத்து."

இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.